பிள்ளைகளுக்குப் பல் இடமாற்றம்: பாளையங்கோட்டை பல் மருத்துவர் பதில்கள்

வள்ளியூர் தாய்: மகனுக்கு 11 வயசு. சைக்கிளில் விழுந்து மேல் முன்பல் போயிட்டு. இம்ப்ளான்ட் வைக்கலாமா டாக்டர்?

இப்போது வேண்டாம்மா. இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் திருகும் செயற்கைப் பல், அது எலும்போடு இறுகி நின்றுவிடும். தாடை வளரும்போது பக்கத்துப் பற்கள் இறங்கிவரும், அது மட்டும் மேலேயே தங்கும். வளர்ச்சி முடிந்த பிறகு பார்க்கலாம். பல் நெருக்கத்துக்காக அவனுக்கு எப்படியும் முன்கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தால், அதையே முன்னால் நடலாம். இதுதான் பல் இடமாற்றம். வேர் பாதியிலிருந்து முக்கால் வரை வளர்ந்து, நுனி திறந்திருக்கும் பருவம்தான் தோது. அந்த நுனி வழியாக ரத்த ஓட்டம் திரும்பிவிடும். அப்புறம் காம்போசிட் என்ற பல் நிறப் பூச்சை வைத்து முன்பல் போல ஆக்கிவிடலாம்.

அம்பாசமுத்திரம் தந்தை: பொண்ணுக்குப் பல் போன இடத்தில் எலும்பு ஒடுங்கிவிட்டது. வேறு பல்லை நடும் முன்னால் எலும்புப் பொடி வைக்கணுமாமே?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. நடும் பல்லின் வேரைப் போர்த்திய மெல்லிய சவ்வுக்கே எலும்பு வளர்க்கும் திறன் உண்டு. பல் வளர்ச்சியோடு இறங்கும்போது எலும்பும் கூடவே வரும். இம்ப்ளான்டுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. எலும்பின் வெளிச்சுவர் அறவே இல்லையென்றால், குழி தோண்டும்போது கிடைக்கும் அவளுடைய எலும்புத் துகளையே அங்கே வைப்போம், அல்லது ஒடுங்கிய எலும்பைப் பிளந்து அகலப்படுத்துவோம். கடைப் பொடியை அள்ளித் திணிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதைவிடப் பெரிய கவலை சவ்வு. அது காய்ந்தாலோ நசுங்கினாலோ வேர் எலும்போடு ஒட்டி, மெல்ல மெல்லக் கரைந்துபோகும். அதனால்தான் முப்பரிமாண ஸ்கேனை வைத்துப் பல்லின் மாதிரியை அச்சிட்டு, குழியை அதில் அளவு பார்க்கிறோம். நிஜப் பல் வெளியே இருப்பது சில நிமிஷம்தான்.

நாங்குநேரி வாசகர்: எத்தனை வருஷம் தாங்கும்?

நார்வே நாட்டின் ஆஸ்லோவில் பிள்ளைகளுக்கு நட்ட பற்களைச் சராசரி 26 ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். 90 சதவீதம் வாயிலேயே இருந்தன. 2002இல் வந்த ஆய்வு அது.

களக்காடு மாணவர், 18 வயது: சொத்தையான கடைவாய்ப் பல்லுக்குப் பதில் ஞானப்பல் வைக்க முடியுமா?

அளவு பொருந்தினால் முடியும், தம்பி. வேர் நுனி மூடியிருந்தால் சில வாரத்தில் வேர் சிகிச்சையும் செய்ய வேண்டும்.

மேலப்பாளையம் மாமா: மருமகனுக்கு நேற்றுதான் நட்டார்கள். அல்வா கொடுக்கலாமா?

மெத்தென்று இருக்கிறதே என்று கொடுத்துவிடாதீர்கள் அண்ணாச்சி, ஒட்டி இழுக்கும். ஓரிரு வாரம், பல்லை அசையாமல் பிடிக்கும் கட்டு இருக்கும்வரை, கஞ்சியும் குழைந்த சோறும்தான்.

சேரன்மகாதேவி ஆசிரியை: பள்ளியில் பல் முழுசாக விழுந்தால் உடனே என்ன செய்ய?

வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடியுங்கள். மண் இருந்தால் லேசாக அலசி, அதே குழியில் வைத்துப் பிள்ளையைத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். பால்பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது டீச்சர், உள்ளே வளரும் பல் கெட்டுவிடும்.