4.49-ஆ, 4.50-ஆ? ஏர் பிஸ்டல் பெல்லட் கேள்வி பதில்

கேள்வி (அஸ்தம்பட்டி): சார், கடையில் 4.49, 4.50, 4.51 என்று மூன்று டப்பா காட்டுகிறார்கள். என் பிஸ்டல் 4.5 எம்.எம். எதை வாங்குவது?

பதில்: 4.5 என்பது குழலுக்குச் சொல்லும் பொது அளவு. டப்பாவில் இருப்பது பெல்லட்டின், அதாவது ஈயக் குண்டின், தலை விட்டம், மில்லிமீட்டரில். மாட்ச் பெல்லட்டுக்குத் தட்டைத் தலை, ஒடுங்கிய இடுப்பு, பின்னால் விரிந்த பாவாடை. குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளமும் மேடும்தான் ரைஃப்லிங். தலை, அந்த மேட்டில் உட்கார்ந்து நேராகப் போக வேண்டும். அதைவிட அகலமான பாவாடைதான் பள்ளத்தில் கடிபட்டுக் காற்றை அடைக்கும். தலை சிறுத்தால் பெல்லட் குழலுக்குள் சாயும். பெருத்தால் ஏற்றும்போது கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருக்கும். அந்த அழுத்தத்தில் பாவாடை ஒரு பக்கம் நசுங்கும். நசுங்கிய பாவாடை குழல் வாயை விடும்போது காற்று ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போகும், குண்டு விலகும்.

சுட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. பிஸ்டலின் பிரேமை (உடற்சட்டத்தை) மரக்கட்டையும் ரப்பரும் கொடுத்து வைஸில் (பட்டறை இடுக்கியில்) பிடியுங்கள். காற்று சிலிண்டரில் வைஸ் படவே கூடாது. சைஸ் மாற்றும்போது முதல் 10 குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குழலில் பழைய ஈயம் இருக்கும். பிறகு 10 குண்டு வீதம் மூன்று தாள். அதிகம் விலகி நிற்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து 4.5 கழித்தால் குரூப் அளவு, அதாவது குண்டுகள் சிதறிய அகலம். மூன்று தாளின் சராசரி எதில் குறைவோ அது உங்கள் சைஸ். ஐந்து குண்டு குரூப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள்; அதில் பாதி அதிர்ஷ்டம்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம்.

கேள்வி (சூரமங்கலம்): லேத் பட்டறை வைத்திருக்கிறேன். குழலில் ஈயத்துண்டைத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தால் பள்ளத்தின் விட்டம் தெரிந்துவிடுமே. தோட்டாவுக்கு அப்படித்தானே செய்கிறார்கள்? இத்தனை பெல்லட்டை ஏன் வீணடிக்க வேண்டும்?

பதில்: தோட்டாவுக்குச் சரி. 9 எம்.எம். பிஸ்டலில் செப்பு உறை போட்ட குண்டு 0.355 அங்குலம், வார்த்த ஈயக் குண்டு 0.356. பள்ளத்தை அளந்து, ஈயமென்றால் ஆயிரத்தில் ஒரு அங்குலம் கூட்டுவார்கள். காரணம், அங்கே குண்டின் உடம்பு முழுவதும் பள்ளத்தை அடைக்கிறது. பெல்லட்டில் அடைப்பது பாவாடை. நீங்கள் தேர்ந்தெடுப்பது தலை. பள்ள அளவு தெரிந்து என்ன பயன்?

அவரே: அப்படியானால் மேட்டின் விட்டத்தை எடுக்கிறேன். என் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் ஒரு மைக்ரான்வரை காட்டும்.

பதில்: காட்டும். ஆனால் மெத்தென்ற ஈயத்தை மைக்ரோமீட்டரின் ராட்செட் திருகு இறுக்கும் இறுக்கத்திலேயே அளவு மாறிவிடும். அதே தலையைக் கால் திருப்பு திருப்பி மறுபடி அளந்து பாருங்கள், வேறு எண் வரும். 4.50 என்று அச்சிட்ட டப்பாவிலேயே அத்தனையும் 4.50 இருக்காது. போதாததற்குச் சில குழல்கள் வாய்ப்பக்கம் இறுகும்.

கேள்வி (ஓமலூர்): பட்டறைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அளவு என்றால் அளவுதானே?

பதில்: அவர் அளந்து ஒரு சைஸ் சொல்லட்டும், வைஸில் பிடித்துச் சுட்டு ஒரு சைஸ் வரட்டும். இரண்டும் ஒன்றானால் அவருக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன். வேறானால் மாட்ச்சுக்கு வைஸ் சொன்னதைத்தான் கொண்டுபோவேன்.

கேள்வி (ஆத்தூர்): 4.49 நல்லதா 4.50 நல்லதா?

பதில்: முதல் பதில்.

கேள்வி (ஏற்காடு): மேலே காற்று லேசு. பெல்லட் மாற்ற வேண்டுமா? சேலம் வெயிலில் ஈயம் விரியும் என்கிறார்களே?

பதில்: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பத்து மீட்டர் தூரத்துக்கு அது பொருட்டில்லை. வெயிலும் அப்படித்தான்: 20 டிகிரி கூடினால் 4.5 மி.மீ. ஈயம் விரிவது 0.003 மி.மீ.கூட இல்லை. டப்பாவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 0.01. உங்கள் எதிரி இருபது கொண்டை ஊசி வளைவு. பைக் பெட்டியில் பாதி காலியான டப்பாவைப் போட்டு மலை ஏறினால் பெல்லட்டுகள் ஒன்றோடொன்று மோதிப் பாவாடை நெளியும், அடியில் சாம்பல் நிறத் தூள் தங்கும். மூடிக்குக் கீழே ஸ்பாஞ்ச் வெட்டி வையுங்கள், குலுங்காது. அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள். ஈயம்.

கேள்வி (அம்மாபேட்டை): என் ஸ்கோர் 600-க்கு 520. சைஸ் மாற்றினால் ஏறுமா?

பதில்: ஏறாது. பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. குண்டு கோட்டைத் தொட்டாலே பத்து, ஆகவே மையத்திலிருந்து 8 மி.மீ. விலகினாலும் பத்துதான். சைஸ் மாற்றிக் கிடைப்பது ஒன்றிரண்டு மி.மீ. உங்களுக்கு ட்ரிகர்தான் வேலை. பைனலில் கதை வேறு. அங்கே 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ. 2024 பாரிஸில் மனு பாக்கர் 221.7 எடுத்து வெண்கலத்தில் நின்றார். அந்தக் கட்டத்தில் அவருக்கு மேலே இருந்த கொரிய வீராங்கனைக்கு 221.8.

கேள்வி (மேட்டூர்): ரைபிள் பெல்லட் போடலாமா?

பதில்: போடலாம். ரைபிளுக்கு 0.53 கிராம், பிஸ்டலுக்கு 0.45 கிராம் வழக்கம். கனமானதில் வேகம் குறையும், குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும், கை ஆட்டம் சேரும். குரூப் நன்றாக வந்தால் தடையில்லை.

கேள்வி (பெயர் வேண்டாம்): 9 எம்.எம். தோட்டாவை வீட்டிலேயே நிரப்ப...

பதில்: உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அடுத்தது.

கேள்வி (அயோத்தியாப்பட்டணம்): கொக்கு அடிக்க எந்த சைஸ்?

பதில்: எதுவும் இல்லை. 1972 வனவிலங்குச் சட்டம்.

கேள்வி (சேலம்): 4.50 சரியாக வந்தது. அதே கம்பெனி, அதே 4.50, புது டப்பாவில் குரூப் விரிகிறது. ஏன்?

பதில்: இன்று வந்ததில் உருப்படியான கேள்வி இதுதான். டப்பாவில் பேட்ச் எண்ணைப் பாருங்கள், மாறியிருக்கும். பெல்லட் செய்யும் அச்சு தேய்ந்தாலும் மாற்றினாலும் தலை, பாவாடை இரண்டும் மாறும். எண் மட்டும் 4.50 என்றே இருக்கும். அதனால் சைஸை மட்டும் எழுதி வைக்காதீர்கள், பேட்ச் எண்ணையும் எழுதுங்கள். சரிப்பட்ட பேட்ச் கிடைத்தால் சீசனுக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள். டப்பாவுக்கு 500, நாளுக்கு 100 சுட்டால் ஐந்து நாள், அதிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): பெல்லட்டை உதட்டில் வைத்துக்கொண்டு ஏற்றினால் வேகமாக முடிகிறது, பரவாயில்லையா?

பதில்: ஈயம் ஐயா, ஈயம்! 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், என்ன அவசரம்? ரேஞ்சை விட்டு வந்ததும் கை கழுவாமல் தட்டுவடை செட்டில் கை வைக்காதீர்கள்.

கேள்வி (வாழப்பாடி): சார், 4.49-ஆ 4.50-ஆ?

பதில்: வைஸ் இருக்கிறதா? இல்லாவிட்டால் சூரமங்கலம் பட்டறைக்குப் போங்கள், அவரிடம் இருக்கும்.