காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறுமா?

கேள்வி: இரண்டாவது குழந்தைக்கு 8 மாதம். கரு தங்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியைப் போடச் சொல்கிறார் டாக்டர். அது மேலே ஏறி நெஞ்சில் சிக்கிக்கொள்ளும் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா ரத்தப்போக்கு தாங்காமல் எடுத்துவிட்டார். கருத்தடை ஊசி போட்டால் மாதவிலக்கு நின்று கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடுமாம். பால் கொடுப்பதால் எனக்கு இன்னும் மாதவிலக்கு வரவில்லை. இப்படியே விட்டுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விடவே கூடாது, தங்கச்சி. தாய்ப்பால் கருவைத் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால், குழந்தைக்கு 6 மாதம் முடியாதவரை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால்தான் அதை நம்பலாம். கருமுட்டை வெளியாவது முதலில், மாதவிலக்கு அப்புறம். அதனால் ஒரு தடவைகூட மாதவிலக்கு ஆகாமலே மறுபடி கர்ப்பமான அம்மாக்களைச் செவிலியராக நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடிவெடுக்கும்வரை ஆணுறை இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். காப்பர்-டி போட்ட முதல் 3 முதல் 6 மாதம் பலருக்கு உதிரம் அதிகமாகப் போகும், அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். பெரும்பாலும் போகப்போகக் குறைந்துவிடும். போடும்போதே இதைச் சொல்லாதவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அக்கா பயந்திருக்க மாட்டார், உங்களுக்கும் பயம் தொற்றியிருக்காது. ரத்தசோகை இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவதுண்டு. மாமியார் கேள்விப்பட்டது அப்படி ஒன்றாக இருக்கலாம். பால் கொடுக்கும் காலத்தில் அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பதால், கைப்பழக்கம் உள்ளவரிடமே போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசியால் ரத்தம் தேங்காது. கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதாமாதம் வளர்ந்து, கரு தங்காவிட்டால் உதிரமாகக் கழிகிறது. ஊசி அந்தச் சவ்வை வளரவிடாது. வளராதபோது கழிய என்ன இருக்கிறது? ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதங்கள் ஆகலாம். காப்பர்-டியை எடுத்தால் அந்தத் தாமதம் இல்லை. இன்னொரு குழந்தை வேண்டுமா என்பதைக் கணவரோடு பேசி முடிவு செய்யுங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் அவருக்கான கருத்தடை அறுவை சிகிச்சையும் உண்டு, பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது.

டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிப்போங்கள். நெஞ்சுக்கு ஏறுமா என்று அவரே கேட்கட்டும்.