கயோட்டி சீசன் கைகொடுக்கவில்லை. ஓய்வுக்காலப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் யூட்டா மாநிலம், சான்பீட் கவுன்டியில் இருக்கிறேன். வயது 46. ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை சம்பளத்துக்குக் கட்டட வேலை, பனிக்காலத்தில் கயோட்டி (ஓநாய் இனத்தைச் சேர்ந்த சிறிய காட்டு விலங்கு) வேட்டை. போன சீசனில் 58 கிடைத்தது. இந்த முறை 23தான். பாதிக்கு மேல் சொறி பிடித்தவை. வியாபாரி ஒன்பது தோலை மட்டும் எடுத்துக்கொண்டு 180 டாலர் தந்தார். பிக்கப் 6,000 மைல் ஓடியிருக்கிறது. தெர்மல் ஸ்கோப் (உடல் சூட்டை வைத்து இருட்டிலும் குறி பார்க்க உதவும் துப்பாக்கிக் கருவி) வாங்கியது, வண்டி ரிப்பேர் எல்லாம் சேர்த்து கிரெடிட் கார்டில் 4,800 டாலர் பாக்கி, வட்டி 24 சதவீதம். முன்பு வேலை பார்த்த கம்பெனியின் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 31,000 டாலர் இருக்கிறது. அதில் எடுத்து கார்டை அடைத்துவிட்டு, அடுத்த சீசனில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

59½ வயதுக்கு முன் 401கே-யில் இருந்து எடுத்தால் 10 சதவீதம் அபராதம். அதற்கு மேல் வருமான வரி. நீங்கள் 12 சதவீத வரிப் படியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யூட்டாவின் 2025 வரி விகிதம் நாலரை சதவீதம். மொத்தம் 26.5 சதவீதம் போய்விடும். கையில் 4,800 வர வேண்டுமென்றால் கணக்கில் இருந்து ஏறக்குறைய 6,500 எடுக்க வேண்டும். அதே 6,500 அங்கேயே கிடந்து ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால்கூட உங்கள் 65 வயதில் 19,600 டாலருக்குப் பக்கத்தில் நிற்கும். கணக்கின் மேல் கடனாக வாங்கலாமே என்றால், பழைய கம்பெனித் திட்டத்தில் பெரும்பாலும் அதற்கும் வழி இருக்காது.

கார்டுக்கு வேறு வழி இருக்கிறது. பக்கத்தில் உள்ள கிரெடிட் யூனியனுக்கு (உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவு வங்கி மாதிரி) போய் தனிநபர் கடன் கேளுங்கள். மத்திய அரசின் உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன்கள் 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது. 14 சதவீதத்துக்குக் கிடைத்தால், மாதம் 230 டாலர் வீதம் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும், மொத்த வட்டி 730 டாலர் அளவில் நிற்கும். அதே இரண்டு வருடத்தில் கார்டிலேயே கட்டி முடித்தால் வட்டி மட்டும் 1,290. கட்டட வேலை தொடங்கியதும் முதல் சம்பளத்திலேயே தவணையைத் தானாகக் கழிய வைத்துவிடுங்கள்.

கடனைச் சொல்லிவிட்டேன். எனக்கு அதைவிடக் கவலையாக இருப்பது "அடுத்த சீசனில் சமாளித்துக்கொள்ளலாம்" என்ற வரி. நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துப் பார்ப்போம். 23 கயோட்டி, 6,000 மைல். ஒன்றுக்கு 260 மைல். உங்கள் பிக்கப் கேலனுக்கு 15 மைல் தருகிறது, கேலன் 3.30 டாலர் என்று வைத்தால் ஒரு கயோட்டிக்குப் பெட்ரோல் மட்டும் 57 டாலர். கயோட்டியைக் கொன்றதற்கு மாநில அரசு தருவது தலைக்கு 50. மொத்தமாகப் பார்த்தாலும் அரசுப் பணம் 1,150, தோல் 180, ஆக 1,330. பெட்ரோல் 1,320. தோட்டா, டயர், மைனஸ் குளிரில் விடியும் முன்னே எழுந்து போன உங்கள் உழைப்பு, இது எதற்கும் ஒரு காசு வரவில்லை.

சொறி என்பது ஒரு வருடம் வரும், ஒரு வருடம் தணியும். அதைக் கெட்ட நேரம் என்று விட்டுவிடலாம். தோல் சந்தையை அப்படி விட முடியாது. கயோட்டித் தோலுக்கு நல்ல காலம் இருந்தது என்றால் அதற்குப் பெரிய காரணம் குளிர் கோட்டுகளின் தொப்பி விளிம்பில் வைக்கும் ரோமம். 2019 அக்டோபரில் டொரான்டோவின் பெரிய ரோம ஏல நிறுவனமான நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்ஷன்ஸ் கடன்காரர்களிடம் இருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்கும் நிலைக்கு வந்தது. 2021-இல் குளிர் கோட்டு தயாரிக்கும் கனடா கூஸ் நிறுவனம், அந்த ஆண்டு முடிவோடு ரோமம் வாங்குவதை நிறுத்துவதாகவும், 2022 முடிவோடு ரோமம் வைத்துத் தைப்பதையும் நிறுத்துவதாகவும் அறிவித்தது. கலிபோர்னியாவில் 2023 முதல் புது ரோம ஆடை விற்கவே தடை. இவ்வளவும் நடந்த பிறகு, பழைய விலை திரும்பி வரும் என்று நம்பி ஸ்கோப்புக்குக் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்களுக்கு இனி தோல் என்பது கிடைத்தால் கிடைத்தது, அவ்வளவுதான். பட்ஜெட்டில் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.

மீதி இருப்பது அரசு தரும் 50 டாலர். கயோட்டிக்கு இரையாகும் மியூல் மான் என்ற மான் இனத்தின் குட்டிகளைக் காப்பாற்ற 2012-இல் வந்த சட்டத்தின் பணம் அது. தோல் சொறியாக இருந்தாலும் கிடைக்கும் என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் காதுகளோடு சேர்ந்த உச்சித் தோல், கீழ்த்தாடை, சுட்ட இடத்தின் பதிவு என்று எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

என்னைக் கேட்டால், உங்கள் திறமைக்கு நல்ல விலை கொடுக்கக்கூடியவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சான்பீட் ஆட்டுக்காரர்களின் ஊர். பிப்ரவரி, மார்ச்சில் மாடு கன்று போடும், பட்டியில் ஆடு குட்டி போடும். அந்த நேரத்தில் ஒரு ஜோடி கயோட்டி சுற்றினால் பண்ணைக்காரருக்குத் தூக்கம் வராது. அவரிடம் தலைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். நாளுக்கு இவ்வளவு, அல்லது இரண்டு மாதத்துக்கு இவ்வளவு, பெட்ரோல் தனி என்று பேசுங்கள். கயோட்டி கிடைக்காத நாளிலும் நீங்கள் காவல் இருந்திருக்கிறீர்கள், அதற்குக் கூலி உண்டு. அக்கம்பக்கத்தில் மூன்று பண்ணை சேர்ந்தால் மைலும் பாதியாகும். அப்புறம், அடுத்தவர் நிலத்தில் துப்பாக்கியோடு கூலி வேலை என்பதால் ஒரு பொறுப்புக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கூலி பேச வேண்டும்.

வரி விஷயத்தில் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நானே கேட்கிறேன். மைல் நோட்டு எழுதுகிறீர்களா? ஐஆர்எஸ் (மத்திய வரித் துறை) இதைப் பொழுதுபோக்கு என்று முடிவு செய்தால் வந்த 1,330-க்கும் வரி உண்டு, செலவு ஒன்றையும் கழிக்க முடியாது. தொழில் என்று ஏற்றால், சொந்தத் தொழில் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தில் 2025-இல் ஓடிய மைலுக்கு 70 சென்ட் கழிக்கலாம். 6,000 மைலுக்கு 4,200. வரும் நஷ்டம் உங்கள் கட்டட வேலைச் சம்பளத்தில் கழியும். சீசன் இரண்டு வருடத்தில் விழுவதால் டிசம்பர் 31-ஐ வைத்துப் பிரித்து எழுத வேண்டும். ஐந்து வருடத்தில் மூன்று வருடம் லாபம் காட்டியவரைத் தொழில்காரர் என்றே எடுத்துக்கொள்வார்கள். தொடர்ந்து நஷ்டம் காட்டினால் கேள்வி வரும். அப்போது உங்களுக்குத் துணை அந்த நோட்டுதான்: தேதி, எங்கே போனீர்கள், எத்தனை மைல், என்ன கிடைத்தது. அன்றன்றைக்கு எழுதியதாக இருக்க வேண்டும். போன சீசன் வருமானத்தைக் கணக்கில் காட்டாமல் விட்டிருந்தால், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே திருத்தித் தாக்கல் செய்துவிடுங்கள்.

ஸ்கோப்பை விற்கச் சொல்ல மாட்டேன், இரவுக் காவலுக்கு அது உதவும். ஆனால் உங்கள் கவுன்டியில் இரவு வேட்டை விதி என்ன என்று பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் கடனில் வாங்க வேண்டாம்.

அடுத்த நவம்பரில் கிளம்பும் முன் ஒரு எல்லை போட்டு அதை மனைவியிடமும் சொல்லிவையுங்கள். டிசம்பர் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பாருங்கள். ஒரு கயோட்டிக்கு 150 மைலுக்குள் என்றால் பெட்ரோல் 33 டாலர், தொடரலாம். அதைத் தாண்டியிருந்தால், அந்த வருடம் பண்ணை வேலையை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிடுங்கள்.