அயர்லாந்துப் பாட்டியின் பெயர் மட்டும்தான் தெரியும்: கேள்வி பதில்

குடும்பத்தில் ஒரு அயர்லாந்துப் பாட்டி இருந்தார், ஆனால் அவரைப் பற்றி வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது என்று எழுதியவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் கணவர் வழியில் அல்லது மனைவி வழியில், சிலருக்குச் சொந்த ரத்த வழியில். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

பர்மிங்காமிலிருந்து: அக்கா, என் மாமியாரின் அம்மா அயர்லாந்தில் பிறந்தவராம். பெயர் மேரி கெல்லி. மாமியார் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. தேடினால் மேரி கெல்லிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: முதலில் அயர்லாந்துத் தளங்களை எல்லாம் மூடிவையுங்கள். மேரியும் கெல்லியும் அங்கே ஊருக்கு ஊர் இருந்த பெயர்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் யாரோ ஒரு மேரியைப் பிடித்துக்கொண்டு அவர் குடும்பத்தை உங்கள் குடும்பம் என்று நம்பிவிடுவீர்கள், இந்தத் தேடலில் அதைவிடப் பெரிய கேடு கிடையாது. பாட்டி இங்கிலாந்தில் வாழ்ந்து இறந்தவர் என்றால் அவர் பெயர் ஏறிய காகிதங்கள் முதலில் இங்கிலாந்தில்தான் இருக்கும்.

மாமியாரின் முழுப் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். சுருக்கச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது, அது வேண்டாம். முழுச் சான்றிதழில் பாட்டியின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் இருக்கும். அப்புறம் பாட்டியின் திருமணப் பதிவு. அதில் அவருடைய அப்பாவின் பெயர், தொழில், இரண்டு சாட்சிகளின் பெயர் இருக்கும். சாட்சிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அதில் ஒருவர் பாட்டியின் அக்காவாகவோ தங்கையாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் என்றால் அந்தப் பங்கின், அதாவது அந்தக் கோயிலுக்கு உட்பட்ட பகுதியின், பதிவேட்டையும் தனியாகக் கேளுங்கள், அரசுப் பதிவில் இல்லாத அம்மா பெயர் அதில் பல சமயம் இருக்கும். அடுத்தது 1939 செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எடுத்த மக்கள் பதிவேடு. அதில் வயதுக்குப் பதிலாகப் பிறந்த நாள், மாதம், ஆண்டு மூன்றும் எழுதியிருப்பார்கள்.

இப்போது உங்கள் கையில் இருப்பது வெறும் மேரி கெல்லி இல்லை. இன்ன தேதியை ஒட்டிப் பிறந்த, இன்ன தொழில் செய்த இன்னாருடைய மகள் மேரி கெல்லி. இத்தனையும் சேர்ந்த பிறகு அயர்லாந்துக்குப் போங்கள். ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்புகள், 75 ஆண்டு கடந்த திருமணங்கள், 50 ஆண்டு கடந்த இறப்புகள் ஆகியவற்றின் பதிவேட்டுப் பக்கங்களைப் படமாகவே இலவசமாகப் பார்க்கலாம். பாட்டி பிறந்தது வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஒன்று என்றால் பெல்ஃபாஸ்ட் பதிவாளர் அலுவலகத்தின் தளத்தையும் பாருங்கள், அங்கே பதிவைத் திறந்து பார்க்கக் காசு கட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், இனி வரும் பதில்களிலும் இதைத்தான் சொல்லப்போகிறேன். பாட்டியை மட்டும் தேடினால் கிடைக்க மாட்டார். கூடப் பிறந்தவர்கள், சாட்சிகள், ஞானப் பெற்றோர், பக்கத்து வீட்டார் என்று அவரைச் சுற்றியிருந்த எல்லாரையும் சேர்த்துத் தேடுங்கள்.

மெல்பர்னிலிருந்து: என் கணவரின் பாட்டி பெயர் டீலியா என்கிறார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் குடும்பம் கிடைத்தது, ஆனால் டீலியா என்று யாரும் இல்லை. பிரிஜெட் என்று ஒரு பெண்தான் இருக்கிறாள். வயதும் இரண்டு மூன்று ஆண்டு இடிக்கிறது. வேறு குடும்பமா?

பதில்: பெரும்பாலும் அதே குடும்பம்தான். பிரிஜெட்டை பிரைடி, பிடி, பிரீடா, டீலியா என்று எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். கடல் தாண்டிப் போன பெண்கள் பலர் பிரிஜெட் என்ற பெயரை விட்டுவிட்டு டீலியா ஆகிவிட்டார்கள். மார்கரெட் என்பவர் பெகி, மேரி என்பவர் மோலி, ஹொனோரா என்பவர் நோரா. குடும்பப்பெயரிலும் முன்னால் இருக்கும் ஓ, மாக் இரண்டும் ஒரு பதிவில் இருக்கும், அடுத்த பதிவில் இருக்காது. ஓ'சல்லிவனைத் தேடுபவர் சல்லிவனையும் தேட வேண்டும்.

வயதைப் பொருட்படுத்தாதீர்கள். எத்தனையோ பேருக்குத் தங்கள் பிறந்த நாள் சரியாகத் தெரியாது. பிறப்பைத் தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் தேதியைத் தள்ளிச் சொன்ன பெற்றோரும் உண்டு, அதனால் பதிவில் உள்ள பிறந்த நாளுக்கு முன்பே ஞானஸ்நானம் நடந்ததாகக் கோயில் ஏட்டில் இருந்தால் பதறாதீர்கள். பெரியவர்கள் விஷயத்தில் இன்னொன்று. 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்தார்கள், அதை வாங்குவதற்காக, 1901இல் 56 என்று எழுதியவர் 1911இல் 71 ஆகியிருப்பார்.

1911 கணக்கெடுப்பையும் அவசியம் திறந்து பாருங்கள், இரண்டும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இலவசம். 1911 படிவத்தில் கல்யாணமான பெண்களிடம் எத்தனை ஆண்டு ஆயிற்று, எத்தனை பிள்ளைகள் உயிரோடு பிறந்தார்கள், இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டிருப்பார்கள். விதவைகள் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் பலர் நிரப்பினார்கள். அதிகாரி மேலே கோடு போட்டு அடித்திருப்பார், அடித்ததற்குக் கீழே எண் தெளிவாகத் தெரியும். பத்துப் பிறந்து ஆறு இருக்கிறது என்று ஒரு தாய் எழுதியிருந்தால் அந்த நான்கையும் பிறப்பு, இறப்புப் பதிவுகளில் தேடுங்கள், பாட்டியின் ஊரை உறுதி செய்யும் பதிவு அந்த நான்கில் ஒன்றாகக்கூட இருக்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து: 1922இல் எல்லா ஆவணமும் எரிந்துவிட்டது, தேடிப் பயனில்லை என்கிறார்களே?

பதில்: எல்லாம் எரியவில்லை. உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதியும், பழைய உயில்களும், அயர்லாந்துத் திருச்சபை என்ற ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் போயின. 1861 முதல் 1891 வரையான கணக்கெடுப்புகள் அதற்கு முன்பே அரசு ஆணையாலேயே அழிக்கப்பட்டவை, தீக்கு அதில் பங்கில்லை.

ஆனால் பிறப்பு, இறப்புப் பதிவுகள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. 1864 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் பதிவு உண்டு, கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்களுக்கு 1845 முதலே உண்டு. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. சுமார் 1880 வரையானவற்றை தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. பாட்டிகளைத் தேடும் உங்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தீ ஒரு தடையே இல்லை. 1926 ஏப்ரல் 18 அன்று வட அயர்லாந்து நீங்கலான அயர்லாந்து சுதந்திர அரசின் 26 கவுண்டிகளில் எடுத்த கணக்கெடுப்புக்கு 100 ஆண்டுப் பூட்டு இருந்தது, அந்தக் கெடு 2026 ஏப்ரலோடு முடிகிறது. இருபதுகளின் தொடக்கத்தில் பிறந்த பாட்டிகளுக்கு இது பெரிய வரம்.

டொராண்டோவிலிருந்து: மேயோ கவுண்டி என்பதுவரை கண்டுபிடித்துவிட்டேன். அதே பெயரில், அதே வயதில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

பதில்: உங்களுக்குத் தேவை டவுன்லேண்ட். அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய பிரிவு அது, சில வீடுகள் மட்டும் உள்ள ஒரு சிற்றூர் அளவு, நாடு முழுக்க 60,000க்கு மேல் இருக்கின்றன. பாட்டியை அவர் பிறந்த டவுன்லேண்டோடு சேர்த்துவிட்டால் அதற்கப்புறம் குழப்பமே வராது.

மூன்று பெண்களையும் முன்னோக்கிக் கொண்டுபோங்கள். யார் சிறு வயதில் இறந்தார், யார் உள்ளூரிலேயே கல்யாணம் செய்து 1911இல் அங்கேயே இருக்கிறார் என்று பாருங்கள். இருவரைக் கழித்துவிட்டால் மீதி ஒருவர். பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களையும் பாருங்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று நம் வீடுகளைப் போலவே அங்கும் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாரும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல துப்பு.

இன்னொரு இடம் உண்டு, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. 1908க்குப் பிறகு ஒரு கத்தோலிக்கர் எங்கே கல்யாணம் செய்தாலும், ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. பங்குத்தந்தை பழைய ஏட்டைத் திறந்து, அந்தக் குழந்தையின் வரிக்குப் பக்கத்து ஓரத்தில் யாரை, எந்த ஊரில், எந்தத் தேதியில் மணந்தார் என்று பொடி எழுத்தில் குறித்துவைப்பார். மேயோவில் ஞானஸ்நானம் பெற்ற மூன்று பெண்களில் ஒருத்தியின் ஓரத்தில் உங்கள் தாத்தாவின் பெயர் இருந்தால் வேலை முடிந்தது. 1880க்குப் பிந்தைய ஏடுகள் பெரும்பாலும் பங்கில்தான் இருக்கின்றன, மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து: பாட்டி 1912இல் கப்பலில் வந்தவர். எதைப் பார்ப்பது?

பதில்: நியூயார்க்கில் இறங்கியிருந்தால் எல்லிஸ் தீவுப் பயணிகள் பட்டியல். 1907 முதல், சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் ஊரும் கேட்டு எழுதினார்கள். இரண்டாம் பக்கத்தில், எந்த உறவினரிடம் போகிறார் என்பதும் இருக்கும். அந்த உறவினர் பெரும்பாலும் முன்னால் வந்த அக்கா. அவரையும் தேடுங்கள்.

கார்க்கிலிருந்து: என் மனைவியின் அம்மா 1951இல் மணமாகாத தாய்மார்களுக்கான பெஸ்பரோ இல்லத்தில் பிறந்து, தத்துக் கொடுக்கப்பட்டவர். பெற்ற தாய் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். கேட்கவே தயங்குகிறார்.

பதில்: தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்பது அவர் உரிமை. பிறப்புத் தகவல் மற்றும் தேடல் சட்டம் 2022இல் வந்தது, அந்த ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அவருடைய அசல் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு, சிறு வயதில் யார் பராமரிப்பில் இருந்தார் என்ற தகவல் எல்லாவற்றையும் துஸ்லா என்ற குழந்தைகள் நல அமைப்பிடமோ தத்தெடுப்பு ஆணையத்திடமோ அவரே விண்ணப்பித்துப் பெறலாம். அவர் இப்போது உயிருடன் இருக்கும்போதே அவர் கையால் விண்ணப்பிப்பதுதான் எளிது.

அயர்லாந்தில் சட்டபூர்வத் தத்தெடுப்பே 1953இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகள் பலர் முறையான காகிதம் இல்லாமல் வேறு வீடுகளுக்குப் போனார்கள், சிலருடைய பிறப்பை வளர்த்தவர்களின் பெயரிலேயே பதிந்துவிட்டார்கள். அதனால் முதலில் வரும் காகிதத்தில் குழப்பம் இருந்தால் மனம் விட வேண்டாம். 2021இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கைப்படி அந்த இல்லங்கள் வழியாகப் போன தாய்மார்கள் சுமார் 56,000 பேர், இறந்த குழந்தைகள் சுமார் 9,000. உங்கள் மாமியாரைப் பெற்றவரும் அந்தத் தாய்மார்களில் ஒருவர். அவர் பிறகு வேறு குடும்பம் அமைத்து யாரிடமும் இதைச் சொல்லாமலே வாழ்ந்திருக்கலாம். அவர் பக்கத்து உறவினர் யாராவது கிடைத்தால் நேராக வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள், முகநூலில் எழுதிவைக்காதீர்கள். துஸ்லாவின் சமூகப் பணியாளர் வழியாகப் போங்கள். அந்த அம்மாவின் ரகசியத்தை வெளியே சொல்லும் உரிமை நமக்கில்லை.

லண்டனிலிருந்து: டிஎன்ஏ சோதனை செய்தேன். அயர்லாந்து 24 சதவீதம் என்று வந்தது. அப்புறம் என்ன செய்வது?

பதில்: சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு, உங்களோடு ஒத்துப்போகும் நபர்களின் பட்டியலுக்குப் போங்கள். முடிந்தால் உங்களுக்கு முந்தைய தலைமுறையில் ஒருவரைச் சோதிக்கச் சொல்லுங்கள், பாட்டியின் பங்கு அவரிடம் இரண்டு மடங்கு இருக்கும். ஒரு தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளான ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள் சராசரியாக 866 சென்டிமார்கன் (டிஎன்ஏ ஒற்றுமையை அளக்கும் அலகு) பகிர்வார்கள், ஒரு தலைமுறை தள்ளிப்போனால் 229. அந்த இரண்டாவது அளவை ஒட்டி வருபவர்களைப் பிடியுங்கள். அவர்களில் ஒருவருக்கொருவரும் ஒத்துப்போகிறவர்களைச் சேர்த்து, ஒவ்வொருவரின் குடும்ப மரத்தையும் மேலே கட்டிக்கொண்டு போனால் எல்லாரும் ஒரே தம்பதியில் வந்து சேர்வார்கள். அந்தத் தம்பதியின் வழித்தோன்றல்களில், சரியான ஆண்டில் சரியான ஊரில் இருந்த பெண் யார் என்று பாருங்கள். 20 சென்டிமார்கனுக்குக் கீழே உள்ளவர்களை ஆரம்பத்தில் தொடாதீர்கள். மேற்கு அயர்லாந்தில் பக்கத்துப் பக்கத்து ஊருக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள், சின்ன ஒற்றுமைகள் வழி தவறவைக்கும்.

சென்னையிலிருந்து: நாங்கள் ஆங்கிலோ-இந்தியர். அப்பாவின் பாட்டி அயர்லாந்துப் படைவீரர் ஒருவரின் மகள் என்று சொல்வார்கள்.

பதில்: உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவுதான் பின்னால் 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. அந்தப் பெண்மணி அயர்லாந்தையே பார்க்காமல், பரங்கிமலையிலோ திருச்சியிலோ பிறந்தவராக இருக்கலாம், அதனால் முதலில் மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளைப் பாருங்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன, ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்திலும் தேடலாம். அந்தப் பெண்மணியின் அப்பாவுடைய படைப்பிரிவு தெரிந்ததும் அவருடைய பணி ஆவணத்தைத் தேடுங்கள். பிரிட்டிஷ் இராணுவ வீரர் என்றால் லண்டன் கியூவில் உள்ள ஆவணக் காப்பகத்தின் ஓய்வுப் பதிவில் அவர் பிறந்த பங்கும் கவுண்டியும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: கணவர் இறந்தால் படைமுகாமில் விதவைகள் சீக்கிரமே மறுமணம் செய்துகொண்டார்கள், பிள்ளைகள் மாற்றாந்தகப்பன் பெயரில் வளர்ந்திருக்கலாம்.

லீட்ஸிலிருந்து: பாட்டியைக் கண்டுபிடித்துவிட்டோம், பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். கணவருக்கு அயர்லாந்துக் குடியுரிமை கிடைக்குமா? எங்கள் குழந்தைக்கு?

பதில்: கணவருக்குக் கிடைக்கும். பாட்டி அந்தத் தீவில் எங்கே பிறந்திருந்தாலும் போதும், பெல்ஃபாஸ்டும் அதில் சேரும். வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் ஏற்ற வேண்டும். பாட்டி, பாட்டியின் பிள்ளை, கணவர் என மூன்று தலைமுறைக்கும் அசல் சான்றிதழ்கள் தேவை. குழந்தை விஷயம் வேறு. கணவர் பதிந்த நாளிலிருந்துதான் அவர் குடிமகன், அதற்குப் பிறகு பிறக்கும் பிள்ளைக்குத்தான் உரிமை. முன்பே பிறந்துவிட்ட பிள்ளைக்கு இந்த வழியில் கிடைக்காது. வீட்டில் இன்னொரு குழந்தையை எதிர்பார்க்கிறீர்கள் என்றால் விண்ணப்பத்தை இன்றே அனுப்புங்கள்.