முதல் ஐபேட்ல புது வெர்ஷன் ஏத்தித் தரேன்னு சொன்னா பணம் கட்டாதீங்க

ஒரு வாசகி கேட்டிருக்காங்க. அவங்க மாமனார் பல வருஷம் வச்சிருந்த பழைய ஐபேட் இப்ப இவங்க கைக்கு வந்திருக்கு. அதுல பேரப்பிள்ளைங்க போட்டோவும் அவர் டைப் பண்ணி வச்ச குறிப்புகளும் இருக்காம். பசங்க படிக்க உதவுமேன்னு எடுத்துப் பாத்தா ஒரு ஆப்பும் இறங்கல, பாதி வெப்சைட் திறக்கல. சர்வீஸ் கடைல கேட்டதுக்கு "புது சாஃப்ட்வேர் ஏத்திட்டா எல்லாம் ஓடும், ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, பணம் முன்னாடியே கட்டிடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. ஏத்தலாமா, போட்டோ எல்லாம் பத்திரமா இருக்குமா, இதான் கேள்வி.

முதல்ல பதில சொல்லிடறேன். ஏத்த முடியாது. கடைக்கும் முடியாது, எனக்கும் முடியாது, அத செஞ்ச ஆப்பிள் கம்பெனியே செஞ்சு குடுக்காது. பணம் கட்டாதீங்க, அதவிட முக்கியமா அந்த ஐபேட கடைல விட்டுட்டு வராதீங்க. ஏற்கனவே விட்டிருந்தா இன்னிக்கே போய் வாங்கிட்டு வந்துடுங்க, மிச்சத்த அப்புறம் படிக்கலாம்.

சரி, உங்க கையில இருக்கறது முதல் தலைமுறை ஐபேட்தானான்னு எப்படி உறுதி பண்றது? பின்பக்கம் கீழ பொடி எழுத்துல மாடல் நம்பர் இருக்கும். ஏ1219ன்னு இருந்தா வைஃபை மட்டும் உள்ளது, ஏ1337ன்னு இருந்தா 3ஜி சிம்மும் போடறது, ரெண்டுமே முதல் தலைமுறைதான். இன்னும் சுலபமா பாக்கணும்னா கேமராவ தேடுங்க. முதல் ஐபேட்ல முன்னாடியும் கேமரா கிடையாது பின்னாடியும் கிடையாது. பருமனும் ஜாஸ்தி, 13.4 மில்லிமீட்டர், அடுத்த வருஷம் வந்த ஐபேட் 2 வெறும் 8.8தான். இத ஏன் இவ்வளவு விளக்கறேன்னா, பழசு விக்கற ஆளுங்க "ஐபேட்"னு மட்டும் சொல்லி தள்ளிவிடுவாங்க, எந்த மாடல்னு கேட்டா "எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்லுவாங்க. ஒண்ணு இல்ல. ஐபேட் 2க்கு 9.3 வரிசை வரைக்கும் வெர்ஷன் வந்துச்சு, உங்களோடது 5.1.1ல நின்னு போச்சு. செட்டிங்ஸ்ல ஜெனரல், அதுல அபவுட் போய்ப் பாத்தா இந்த நம்பர் தெரியும்.

ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சாதான் கடைக்காரர் சொல்றது பொய்னு உங்களுக்கு தைரியமா சொல்ல வரும், அதனால கொஞ்சம் பழைய கதை. 2010 ஜனவரி 27ஆம் தேதி ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் இந்த முதல் ஐபேட மேடைல காட்டினார், ஏப்ரல் 3 அமெரிக்காவுல விற்பனைக்கு வந்துச்சு, 16 ஜிபி வைஃபை மாடல் 499 டாலர். அதுக்கு முன்னாடியும் டேப்லெட் இருந்துச்சு, மைக்ரோசாஃப்ட் 2002லயே விண்டோஸ் போட்ட டேப்லெட் பிசின்னு கொண்டு வந்தாங்க, ஆனா அதெல்லாம் கனமான லேப்டாப், பேனா மாதிரி குச்சிய வச்சுத்தான் தட்டணும். இது விரலாலயே ஓடிச்சு, 680 கிராம்தான் எடை, ஒரு சார்ஜுக்கு 10 மணி நேரம் வந்துச்சு, 9.7 இன்ச் ஸ்க்ரீன எந்தப் பக்கம் சாய்ச்சுப் பாத்தாலும் கலர் மாறாது. வந்த 80 நாள்ல 30 லட்சம் வித்துச்சு. உங்க மாமனார் மாதிரி வயசானவங்க பல பேருக்கு கம்ப்யூட்டர் பயத்த போக்கினது இந்த மெஷின்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா உள்ள வச்ச ரேம், அதாவது ஆப் ஓடறப்ப தேவைப்படற மெமரி, வெறும் 256 எம்பி. இத ஓட்டற சாஃப்ட்வேர் பேரு ஐஓஎஸ், அது 3.2ல ஆரம்பிச்சு, 2010 நவம்பர்ல 4.2 வந்தப்பதான் ஃபோல்டரும் ஒரு ஆப்ல இருந்து இன்னொண்ணுக்கு தாவற வசதியும் கிடைச்சுது, 2011 அக்டோபர்ல ஐஓஎஸ் 5, அப்புறம் 2012 மே மாசம் 5.1.1, அவ்வளவுதான். செப்டம்பர்ல ஐஓஎஸ் 6 வந்தப்ப இத கழட்டி விட்டுட்டாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, கடைக்கு வந்த நாள்லருந்து கடைசி அப்டேட் வரைக்கும் ரெண்டு வருஷம் சொச்சம். இதுல எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு, 2009ல வந்த ஐபோன் 3ஜிஎஸ், அதுலயும் அதே 256 எம்பி ரேம்தான், ப்ராசஸர் இதவிட மெதுவானது, அதுக்கு ஐஓஎஸ் 6 குடுத்தாங்க. ஸ்க்ரீன் பெருசு, அந்த ஐபோனவிட அஞ்சு மடங்கு பிக்சல், அதுக்கு மெமரி பத்தாதுன்னு காரணம் சொல்லலாம், நியாயமும் இருக்கு. ஆனா அப்ப 256 எம்பி வச்சு வித்தது யாரு? காசு குடுத்து வாங்கினவங்களா? கூட கொஞ்சம் மெமரி வச்சிருந்தா இன்னிக்கு நீங்க இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீங்க.

இப்ப வெப்சைட் ஏன் திறக்கலன்னு பாப்போம். உங்க ஐபேட் கெட்டுப் போகல. ஒவ்வொரு வெப்சைட்டும் "நான் நிஜமாவே இந்த சைட்தான்"னு ஒரு சான்றிதழ் காட்டும், அந்த சான்றிதழ குடுக்க யாருக்கெல்லாம் அதிகாரம்ங்கற லிஸ்ட் ஐபேட்டுக்குள்ளயே இருக்கும். உங்களோட லிஸ்ட் 2012லயே நின்னு போச்சு. லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கற அமைப்பு குடுக்கற இலவச சான்றிதழ ஏராளமான சைட்டுங்க யூஸ் பண்றாங்க, அதுங்க நம்பியிருந்த பழைய மூல சான்றிதழ் 2021 செப்டம்பர் 30ஓட காலாவதி ஆச்சு, புது மூல சான்றிதழ் உங்க ஐபேட் லிஸ்ட்ல கிடையாது. அதனால நல்ல சைட்டயும் "நம்ப முடியாது"ன்னு சொல்லுது. ஒரு விஷயம் மட்டும் செக் பண்ணுங்க, ரொம்ப நாள் சார்ஜ் இல்லாம கிடந்திருந்தா தேதி ஏடாகூடமா மாறியிருக்கும், தேதி தப்பா இருந்தா எந்த சான்றிதழும் செல்லாது. தேதிய சரி பண்ணிட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க, ஒண்ணு ரெண்டு கூட திறக்கலாம். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. அதுல இருந்து பேங்க் வேலை மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

அப்ப கடைல என்னதான் பண்ணுவாங்க? பெரும்பாலும் கம்ப்யூட்டர்ல மாட்டி ரீஸ்டோர் பண்ணுவாங்க. அதாவது உள்ள இருக்கறத எல்லாம் துடைச்சிட்டு அதே 5.1.1ஐ திரும்ப போடுவாங்க. மெஷின் கொஞ்சம் வேகமா தெரியும், "பாத்தீங்களா புதுசா போட்டுட்டேன்"னு குடுப்பாங்க, உங்க போட்டோவும் குறிப்பும் மொத்தமா போயிருக்கும். இன்னும் கொஞ்சம் கெட்டிக்கார ஆளா இருந்தா ஜெயில்பிரேக் பண்ணி, அதாவது ஆப்பிள் போட்ட பூட்ட உடைச்சு, ஐகான் எல்லாம் புது மாதிரி தெரியற தீம் ஒண்ண ஒட்டிட்டு, அபவுட்ல தெரியற அந்த வெர்ஷன் நம்பரயே மாத்தி எழுதிடுவாங்க, அது ஒரு சின்ன ஃபைல திருத்தற வேலைதான். நம்பர் மாறும், உள்ள இருக்கறது மாறாது, வீட்டுக்கு வந்து ஆப் இறக்கினா பழைய கதைதான். "ரேம் கூட்டித் தரேன்"னு ஒருத்தர் சொன்னா அங்க நிக்கவே நிக்காதீங்க, அந்த மெமரி ஏ4ங்கற ப்ராசஸர் சிப்போட சேத்தே அடைச்சு வச்சிருக்கு, கழட்டி மாத்தற சமாச்சாரமே இல்ல. நெட்ல "முதல் ஐபேட்டுக்கு ஐஓஎஸ் 9 டவுன்லோட்"னு வர்ற சைட்டுங்களும் இதே ரகம், உங்க கம்ப்யூட்டர்ல எதையாவது குப்பைய இறக்கி விடறதுக்குத்தான்.

இன்னொரு தந்திரம். கடைக்காரர் ஐபேட அவர் கம்ப்யூட்டர்ல சொருகுவார், ஸ்க்ரீன் மேல "நாட் சார்ஜிங்"னு வரும், உடனே "பேட்டரி போச்சு சார், மாத்தணும்"னு சொல்லுவார். பேட்டரி போகல. இதுக்கு 10 வாட் சார்ஜர் வேணும், சாதாரண யூஎஸ்பி போர்ட்ல அவ்வளவு கரண்ட் வராது, அதனால அப்படி காட்டுது. ஸ்க்ரீன அணைச்சு வச்சா அதுலயே மெதுவா ஏறும். சரியான சார்ஜர்ல போட்டு ராத்திரி முழுக்க விட்டுப் பாத்துட்டு அப்புறம் பேட்டரியப் பத்தி பேசலாம்.

"ஒரு ஆப்பும் இறங்கல"ன்னு சொன்னீங்களே, அதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, இத கொஞ்சம் பொறுமையா படிங்க. 2013 செப்டம்பர்லருந்து ஆப் ஸ்டோர்ல ஒரு வசதி இருக்கு, ஒரு ஆப்போட புது வெர்ஷன் உங்க மெஷின்ல ஓடாதுன்னா, அந்த மெஷினுக்கு ஒத்துப்போற கடைசி பழைய வெர்ஷன் வேணுமான்னு கேக்கும். ஆனா அந்த ஆப்ப அதே ஆப்பிள் ஐடில முன்னாடியே ஒரு தடவை வாங்கியிருக்கணும், இலவச ஆப்பா இருந்தாலும் சரி. நேரா ஆப்ப தேடி இறக்கினா "புது ஐஓஎஸ் வேணும்"னு மட்டும்தான் சொல்லும், பழச தராது. அதனால ஆப் ஸ்டோர்ல பர்ச்சேஸ்டுங்கற பக்கத்துக்குப் போங்க, மாமனார் இறக்கின ஆப் லிஸ்ட் அங்க இருக்கும், மேகம் மாதிரி இருக்கற ஐகான தட்டுங்க, பழைய வெர்ஷன் வேணுமான்னு கேட்டா ஆமான்னு சொல்லுங்க. அவர் ஐடில இல்லாத ஆப் வேணும்னா, அதே ஐடிய ஒரு புது ஐபோன்லயோ புது ஐபேட்லயோ போட்டு அங்க ஒரு தடவை இறக்கிட்டு, அப்புறம் பழசுல பர்ச்சேஸ்டுல தேடுங்க. இங்க இன்னொரு சிக்கல், இப்ப ஐடிக்கு பாஸ்வேர்ட் தவிர, போனுக்கு வர்ற ஆறு இலக்க கோடும் கேக்கறாங்க, பழைய ஐபேட்ல அத அடிக்க கட்டமே கிடையாது, பாஸ்வேர்ட் தப்புன்னுதான் காட்டும். பாஸ்வேர்ட் முடிஞ்சதும் இடைவெளி விடாம அதே கட்டத்துலயே அந்த ஆறு நம்பரையும் சேத்து அடிங்க, ஏத்துக்கும். இத எங்கயாவது ஸ்க்ரீன்ல ஒரு வரி எழுதி வச்சா என்ன குறைஞ்சு போகும்னு எனக்குப் புரியல, இதுக்காகவே எத்தனை பேர் பாஸ்வேர்ட மாத்தி மாத்தி ஐடியையே லாக் பண்ணிக்கறாங்க. அப்புறம், இவ்வளவும் பண்ணி இறக்கினாலும், அந்த ஆப் செஞ்சவங்க பழைய வெர்ஷன எடுத்துட்டாலோ சர்வர மூடிட்டாலோ அது ஓடாது. நெட் தேவைப்படாத ஆப்தான், சின்ன விளையாட்டு, கால்குலேட்டர், டிக்ஷனரி மாதிரி, இந்த உழைப்புக்கு உருப்படியா பலன் தரும். ஐபேட்டோடயே வந்த பழைய யூட்யூப் ஆப்புக்கு மெனக்கெடாதீங்க, 2015லயே அதுக்கு வழிய மூடிட்டாங்க.

இப்ப போட்டோ. இதுதான் உங்களுக்கு நிஜமாவே முக்கியம். கேமரா இல்லாத மெஷின், அப்ப போட்டோ உள்ள வந்தது ரெண்டு வழில. மெயில்ல வந்தத சேவ் பண்ணது, கேமரா கனெக்‌ஷன் கிட்ங்கற சின்ன அடாப்டர் வச்சு கேமராலருந்து இறக்கினது இதெல்லாம் ஒரு வகை. ஐபேட்டோட அகலமான 30 பின் கேபிள்ல விண்டோஸ் கம்ப்யூட்டர்ல மாட்டி, பூட்டு நம்பர் போட்டு திறந்து வச்சா, டிஜிட்டல் கேமரா மாதிரி கம்ப்யூட்டர் காட்டும், சும்மா காப்பி பண்ணிக்கலாம். இன்னொரு வகை, வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்து ஐட்யூன்ஸ்ங்கற ஆப்பிள் சாஃப்ட்வேர் வழியா ஏத்தினது. அது அப்படி காப்பி ஆகாது. அது ஐபேட்டுக்காக சின்னதா ஆக்கின நகல்தான், ஒரிஜினல் அந்த பழைய கம்ப்யூட்டர்லயோ ஹார்ட் டிஸ்க்லயோ இருக்கணும், முதல்ல அத தேடுங்க. கிடைக்கலன்னா போட்டோவ ஸ்க்ரீன் முழுக்க வச்சு, ஹோம் பட்டனையும் மேல இருக்கற பவர் பட்டனையும் ஒண்ணா ஒரு தட்டு தட்டுங்க, ஸ்க்ரீன்ஷாட் விழும், அது முதல் வகைல சேந்துடும், காப்பி பண்ணிடலாம். குறிப்புகளுக்கும் இதே வழிதான், ஒவ்வொரு பக்கமா எடுக்க நேரம் ஆகும், ஆனா ஒண்ணும் தொலையாது.

மாட்டறப்ப ஒரே ஒரு எச்சரிக்கை, புது கம்ப்யூட்டர்ல ஐட்யூன்ஸ் திறந்து போட்டோ சிங்க்னு ஒரு டிக் போட்டீங்கன்னா, "இதுல இருக்கறத அழிச்சிட்டு இந்த கம்ப்யூட்டர்ல இருக்கறத போடவா"ன்னு கேக்கும். அவசரத்துல ஓகே அடிச்சா மாமனார் ஐட்யூன்ஸ் வழியா ஏத்தி வச்சிருந்த அத்தனை போட்டோவும் காலி. சிங்க் பக்கமே போகாதீங்க. பூட்டு நம்பர் தெரியலன்னாலும் கடைக்கு ஓடாதீங்க, தப்பு தப்பா அடிச்சுப் பாத்துக்கிட்டே இருக்காதீங்க, டிஸேபிள் ஆயிடும். கடைல அதுக்கு செய்யற வழியும் ரீஸ்டோர்தான். வீட்ல யாருக்காவது தெரியுமான்னு கேளுங்க, பிறந்தநாள், பழைய போன் நம்பரோட கடைசி நாலு இலக்கம், இதுலதான் பெரும்பாலும் இருக்கும்.

பசங்க படிப்புக்கு இத நம்பாதீங்க, வீடியோ கால் கூட இல்ல. எல்லாத்தையும் வெளிய எடுத்த அப்புறம் பாட்டு, வீடியோ போட்டுக் குடுங்க, ஐபுக்ஸ் ஏற்கனவே உள்ள இருந்தா பிடிஎஃப் புத்தகமும் படிக்கலாம். பூட்டின ஸ்க்ரீன்ல பூ மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அத தட்டினா போட்டோ ஒவ்வொண்ணா ஓடும், வீட்ல ஒரு ஓரமா நிக்க வச்சா நல்லா இருக்கும். அப்படி வைக்கறதா இருந்தா நாள் முழுக்க சார்ஜர்ல மாட்டி விடாதீங்க, உள்ள இருக்கறது வயசான லித்தியம் பேட்டரி. கண்ணாடி ஓரத்துல லேசா தூக்கின மாதிரியோ பின்பக்கம் உப்பின மாதிரியோ தெரிஞ்சா உடனே சார்ஜர உருவிடுங்க, அழுத்தி உள்ள தள்ளப் பாக்காதீங்க, குப்பைத் தொட்டிலயும் போடாதீங்க, மின்கழிவு வாங்கற இடத்துல குடுத்துடுங்க.