ஈறு நோய்க்குச் சப்புகிற மாத்திரை போதுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. பல் தேய்த்தாலே ரத்தம் வருகிறது, கீழ் முன்பல் இரண்டு லேசாக ஆடுகிறது. டாக்டர் மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு அளந்து 5, 6 என்று எழுதிக்கொண்டார், ஆழமாக க்ளீனிங் செய்ய வேண்டுமாம். க்ளீனிங் செய்தால் பல் இன்னும் ஆடும், நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரையை வாங்கிச் சப்பு என்கிறான் என் தம்பி. தினமும் தயிர் சாப்பிடுகிறவளுக்கு அது வேறு வேண்டுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் க்ளீனிங்குக்கு நாள் குறித்துவிடுங்கள், மாத்திரையை அப்புறம் பேசலாம். டாக்டர் எழுதிய 5, 6 என்பது மில்லிமீட்டர் கணக்கு. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் 3 வரை இருந்தால் கவலையில்லை, அதைத் தாண்டினால் பை மாதிரி ஆகி, பிரஷ் எட்டாத அந்த ஆழத்தில் காரை வேரோடு ஒட்டிக் கல்லாகிவிடும். அதை எந்த நல்ல பாக்டீரியாவும் கரைக்காது, கருவி விட்டுச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். லாக்டோபாசில்லஸ் ரியூட்டரி என்ற பாக்டீரியாவை வைத்து நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. க்ளீனிங்கோடு சேர்த்துச் சில வாரம் சப்பியவர்களுக்குச் சில ஆய்வுகளில் பையின் ஆழம் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது, சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி, க்ளீனிங்கோடு இதைச் சேர்க்க வேண்டாம் என்றே சொல்கிறது. அதற்குப் பிறகும் ஆசையாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மட்டும் தாங்களாக வாங்கித் தொடவே கூடாது.

தயிர் தாராளமாகச் சாப்பிடுங்கள், வயிற்றுக்கு நல்லது. ஆனால் தயிர்சாதம் வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது? ஆய்வில் கொடுத்த பாக்டீரியா வகை வீட்டுத் தயிரில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், அந்தக் காசுக்குப் பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கிற குட்டி பிரஷ் வாங்குவேன். கையோடு சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், அது கூடியிருந்தால் ஈறு ஆறுவது தாமதமாகும்.

க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்பதை நம்பாதீர்கள். வேரைப் பிடித்திருந்த எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்டது, காரை போனதும் அந்த ஆட்டம் இன்னும் நன்றாகத் தெரியலாம், அவ்வளவுதான். வீக்கம் வற்றி ஈறு சுருங்குவதால் பல்லிடுக்கு பெரிதாகத் தெரியும், கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும். மூன்று மாதம் கழித்துப் போய் மறுபடி அளக்கச் சொல்லுங்கள், 6 என்பது 4 ஆகியிருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.