பழைய பென்ஸில் பிரேக் பிடிக்கவில்லை: பூஸ்டரை மாற்றலாமா?

கேள்வி: 1996-ஆம் ஆண்டு மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் இ 250 டீசல் காரைச் சென்ற ஆண்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சில மாதங்களாகப் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டது. பலம்கொண்ட மட்டும் மிதித்தால்தான் வண்டி நிற்கிறது. பேடுகளை மாற்றியும் பயனில்லை. பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் பெரிய தொகை கேட்கிறார்கள். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் என்ஜின் சில நொடிகள் ஓடுகிறது. அது வேறு கோளாறு என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு மாற்றச் சொல்லாதீர்கள். நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட அறிகுறிதான் இதில் முக்கியமானது. அது வேறு கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு.

பிரேக் பூஸ்டர் என்பது வேக்குவத்தின், அதாவது காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடத்தின், உதவியால் உங்கள் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பாகம். பெட்ரோல் என்ஜினில் அதற்குத் தேவையான வேக்குவம் காற்று உள்ளிழுக்கும் பாதையிலிருந்தே கிடைத்துவிடும். டீசல் என்ஜினில் அப்படிக் கிடைக்காது என்பதால், என்ஜினால் இயங்கும் தனி வேக்குவம் பம்ப் பொருத்தப்பட்டிருக்கிறது. புனேயில் தயாரான உங்கள் தலைமுறை டீசல் பென்ஸில், சாவியை அணைத்ததும் எரிபொருளை நிறுத்துவதும் இதே வேக்குவம்தான். பெடல் இறுகுவதும் என்ஜின் உடனே நிற்காததும் சேர்ந்து வந்தால், பம்பையும் அதிலிருந்து கிளம்பும் குழாய்களையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டியாக இருந்து, கியர் மாறும்போது வெட்டி இழுத்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் பழுதானால் பெடல் இறுகாது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கும். பிரேக் ஆயிலில் காற்று புகுந்தால் பஞ்சுபோல் அமுங்கும். உங்களுக்கு இவை இரண்டும் இல்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, பெடலை ஐந்தாறு முறை மிதித்து இறுகச் செய்யுங்கள். காலை எடுக்காமல் என்ஜினை இயக்கினால் பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்குவம் போய்ச் சேரவில்லை, அல்லது பூஸ்டர் அதைப் பிடித்து வைக்கவில்லை. எது என்பதை வேக்குவத்தை அளக்கும் கருவியான வேக்குவம் கேஜ் சொல்லிவிடும். கேஜை நேரடியாகப் பம்பில் இணைத்து, ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, அளக்கச் சொல்லுங்கள். அளவு 20 அங்குலப் பாதரசத்தைக்கூட எட்டாவிட்டால் பம்ப்தான் குற்றவாளி. பம்ப் சரியாக இருந்தால், மற்றக் கிளைக் குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்து, எந்தக் கிளையை அடைக்கும்போது முள் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். விரிசல் விட்ட ஒரு ரப்பர் இணைப்போ, பூஸ்டர் குழாயில் உள்ள ஒருவழி வால்வோ மட்டுமே காரணமாக இருக்கலாம். இவை பூஸ்டரோடு ஒப்பிட்டால் சிறு செலவு.

பம்பில் கடகடவென்ற சத்தம் கேட்டால் காத்திருக்கவே கூடாது. இந்த வகை என்ஜின்களில் அதன் பேரிங் உடைந்து, உலோகத் துண்டுகள் டைமிங் செயினில் சிக்கினால் என்ஜினே பாழாகிவிடும்.

ஒர்க்‌ஷாப் சொல்வது சரியாக இருக்கக்கூடிய ஒரு நிலையும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் கசிந்தால், பிரேக் ஆயில் வெளியே தெரியாமல் பூஸ்டருக்குள் போய் அதன் ரப்பரைக் கெடுத்துவிடும். வெளிக்கசிவு எதுவும் இல்லாமல் ஆயில் அளவு மட்டும் குறைந்துகொண்டே வருகிறதா என்று கவனியுங்கள். சிலிண்டரைக் கழற்றிப் பின்னால் ஈரம் இருப்பதை உங்கள் கண்முன் காட்டினால், இரண்டையும் மாற்றுவது நியாயம். காட்டாமல் சம்மதிக்காதீர்கள்.

எப்படியானாலும், பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்ற விவரம் இல்லையென்றால் அதை மாற்றிவிடுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை அதற்கு உண்டு. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும் என்ற தரவிதி, ஈரமேறியபின் 155 டிகிரியையே கோருகிறது. ஊட்டி மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஆயிலை மாற்றியபின் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றும்போது பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். பழைய சிலிண்டரின் துருவேறிய பகுதியில் உரசி, நன்றாக இருக்கும் சீலும் கிழிந்துவிடலாம்.

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். பாகங்களைச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தே ஆர்டர் செய்யச் சொல்லி, கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பெறுங்கள். காயலான் கடையில் கதவோ கண்ணாடியோ வாங்கலாம். பூஸ்டரோ பிரேக் ஹோஸோ வாங்க வேண்டாம், அவற்றின் ரப்பருக்கும் உங்கள் வண்டியின் வயதுதான். சோதிக்காமலே பாகங்களை மாற்றிப் பணம் வாங்கி, கோளாறும் தீராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். கோளாறு தீரும்வரை இந்த வண்டியை ஓட்டாதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்கும் ஏற்றியே அனுப்புங்கள்.